மெய்ப்பு நோக்கும் பணி

ஒரு நூல் அச்சேறுமுன் அச்சகத்தார் ஒரு சோதனைப் படி எடுத்துத் தருவர். அதற்கு மெய்ப்பு என்று பெயர். மெய்ப்பை மூலப்படியோடு ஒப்பிட்டுப் பிழை களைவோர் மெய்ப்பு நோக்குநர் ஆவர். முற்காலத்தில் தமிழாசிரியர் பெற்ற ஊதியம், பிற பாடங்களைக் கற்பித்தோர் பெற்றதினும் குறைவு. ஆதலின் அவருட் சிலர் மாலை வேளைகளில் இப்பணி செய்து இல்லறச் செலவை ஈடுகட்டினர். தனியார் பள்ளிகளிற் பணிபுரியும் மொழியாசிரியர்க்கு இன்றும் இது கைகொடுக்கும். அரசுப் பணியில் உள்ளோர் விதிகளைக் கேட்டறிந்து, வேண்டிய ஒப்புதல் பெற்ற பின்னரே இதில் இறங்குதல் வேண்டும்.

கோவை நகரம் ஆலைகளாற் பெயர் பெற்றது. எனினும் நூற்பணிக்கும் அது புதிதன்று. பெரிய புராணத்துக்குச் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் வரைந்த விரிவுரை, கோவைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக ஏழு பகுதிகளாக வெளிவந்தது. 4,000-க்கு மேற்பட்ட பாடல்களையும் அவற்றின் உரையையும் எழுத்தெண்ணிப் பார்ப்பது எளிய செயலோ? நூல்களேயன்றித் திருக்குடமுழுக்கு மலர், திருமண அழைப்பிதழ், வேளாண் கையேடு, நீரிறைக்கும் பொறியோடு தரும் குறிப்பேடு ஆகியனவும் இங்கு அச்சாகின்றன. இவை அனைத்துக்கும் மெய்ப்பு நோக்குநர் வேண்டும்.

வேலை தேடிச் செல்பவர் அச்சான துண்டறிக்கை ஒன்றில் பிழைகளைச் செம்மையாற் குறித்துக் கொண்டுபோய்க் காட்டலாம். சான்றிதழ்களைக் காட்டுவதினும் அது பயன் தரும். அத்துண்டறிக்கை அதே அச்சகத்தில் அச்சானதாக இராமை நன்று!

இப்பணிக்கு இலக்கணப் பயிற்சி இன்றியமையாதது. ‘தந்த பலகை’ என்பது ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்பது யானைத் தந்தத்தால் ஆகியது. ஓர் ஒற்று பொருளையே மாற்றிவிடுகிறது. ஆயினும் இலக்கணம் மட்டும் போதாது. வேளாண் கையேட்டில் ஒரு லிட்டர் நீருக்கு 2.5 மில்லி மருந்து என்றிருப்பது, புள்ளி விடுபட்டு 25 ஆகிவிட்டால் உழவரின் பயிர் கருகவும் கூடும். அத்தொடரில் இலக்கணப் பிழை யாதும் இராது. எனவே எண்களையும் பெயர்களையும் தனியே ஒருமுறை மூலத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றொருவர் மெய்ப்பைப் பார்ப்பது பழைய முறை. அதனினும் சிறந்த முறை இன்றும் இல்லை எனலாம்.

பண்டிதர்கள் வழுவும் இடம் ஒன்று உண்டு. ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் வெளியிட்ட ‘நாகம்மாள்’ முதலாகக் கொங்குப் பேச்சு கதைகளில் இடம்பெற்று வருகின்றது. அத்தகைய கதையில் ‘அப்புச்சி’ என வருவதைப் ‘பாட்டனார்’ எனத் திருத்துபவர், தாயைப் பெற்றவர் என்னும் பொருளை அழித்தவர் ஆவார். பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியை அருகில் வைத்துக்கொண்டால் இவ்விடர் குறையும். ஐயம் எழுமிடத்துப் பக்க ஓரத்தில் வினாக்குறி இட்டு, ஆசிரியரிடம் கேட்டலே முறை.

கூலியைப் பக்கக் கணக்கிலோ, 16 பக்கம் கொண்ட பாரக் கணக்கிலோ பேசிக்கொள்வர். எத்தனை முறை பார்ப்பது என்பதையும் முன்னரே பேசாதவர் ஒரு கூலிக்கு மூன்று மெய்ப்புப் பார்க்க நேரும். இப்பொழுது மெய்ப்புகள் கணினி வழியே வந்து கணினி வழியே திரும்புகின்றன. எனினும் இறுதி மெய்ப்பில் ‘அச்சிடலாம்’ என்று எழுதி, நாளும் ஒப்பமும் இட்ட பின்னரே பொறி ஓடத் தொடங்கும் வழக்கம் இன்னும் சில அச்சகங்களில் உண்டு.