சர்வருக்கும் உண்டு பணி ஓய்வு

2013-ஆம் ஆண்டில் ஒரு பழைய சர்வரை அணைத்தார்கள். நோவெல் நிறுவனத்தின் நெட்வேர் 3.12 மென்பொருள் அதில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறைகூட நிறுத்தப்படாமல் 16 ஆண்டுகள் உழைத்த இயந்திரம் அது. கடைசிவரை மென்பொருள் மக்கர் செய்யவில்லை. ஹார்டு டிஸ்கின் பேரிங் தேய்ந்து போட்ட சத்தம்தான் அதை வீட்டுக்கு அனுப்பியது.

நோவெல் சர்வர் ஒன்றைப் பற்றி 2001-இல் வெளிவந்த செய்தி இன்னும் வேடிக்கையானது. அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளாக ஒரு சர்வர் இருக்கும் இடமே தெரியவில்லை. வேலை மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே தேடிப் போனவர்கள் ஒரு சுவரில் போய் முட்டினார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள் சர்வரை உள்ளே வைத்தே சுவர் எழுப்பிவிட்டிருந்தார்கள்!

இப்படிப்பட்ட உழைப்பாளியை ஏன் அணைக்க வேண்டும்? ‘ஓடுகிறவரை ஓடட்டும்’ என்று விட்டுவிடக் கூடாதா?

கூடாது. மென்பொருளுக்கு வயதாவது வேறு விதம். நிறுவனம் ஆதரவை நிறுத்திய நாளிலிருந்து, புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லை. புதிய பதிப்புக்கு வரும் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தமும் பழைய பதிப்பைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. திருத்தத்துக்கு முந்தைய நிரலையும் பிந்தைய நிரலையும் ஒப்பிட்டால், ஓட்டை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். அதே நிரல் பழைய பதிப்பிலும் இருந்தால், அங்கே கதவு திறந்தே கிடக்கும்.

2017-இல் உலகம் இதைக் கண்கூடாகப் பார்த்தது. விண்டோஸ் சர்வர் 2003-க்கான ஆதரவு 2015 ஜூலை 14 அன்றே முடிந்திருந்தது. 2017 மார்ச்சில், கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்.எம்.பி. 1 நெறிமுறையில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மட்டும்தான் அது கிடைத்தது. மே 12 அன்று அந்த ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற தீநிரல் புகுந்து, சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் 19,000-க்கும் மேற்பட்ட முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை கூறியது. அங்கே பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை, திருத்தம் கிடைத்தும் அதைப் போட்டுக்கொள்ளாத விண்டோஸ் 7 கணினிகள். ஆனாலும், ஓய்வுபெற்றுவிட்ட சர்வர் 2003-க்கும் விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசர அவசரமாகத் திருத்தம் அனுப்ப வேண்டியதாயிற்று.

பழைய சர்வரை நிறுத்தப் பலர் தயங்குவதற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல, பயமும்தான். அமைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அதில் யாருடைய சம்பளக் கணக்கு ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஐ.டி. துறையினர் ‘ஸ்க்ரீம் டெஸ்ட்’ என்றொரு வழி வைத்திருக்கிறார்கள். தரவு எதையும் அழிக்காமல், நெட்வொர்க் இணைப்பை மட்டும் துண்டித்துவிட்டுக் காத்திருப்பார்கள். யாராவது அலறினால், உடனே இணைத்துவிட்டு, அவருக்கு மாற்று ஏற்பாடு செய்வார்கள். மைக்ரோசாஃப்ட்கூடத் தன் சொந்த சர்வர்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறது. ஒரு வாரம் சத்தமில்லை என்று நிம்மதி அடையக் கூடாது. மாதக் கடைசியிலும் மார்ச் 31-லும் மட்டும் விழித்துக்கொள்ளும் கணக்குகள் உண்டு.

அலறல் ஓய்ந்த பிறகும் வேலை மிச்சமிருக்கிறது. தரவைப் புதிய இடத்துக்கு மாற்றி, பேக்கப்பைத் திறந்து சரிபார்த்து, பழைய பயனர் கணக்குகளை நீக்கி, டிஸ்கை முழுமையாக அழித்த பிறகே சர்வரைக் கழற்ற வேண்டும்.

பல லினக்ஸ் சர்வர்களைத் தாங்கிய சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்தது. விண்டோஸ் சர்வர் 2016-க்குக் குறிக்கப்பட்டிருக்கும் நாள் 2027 ஜனவரி 12. உங்கள் அலுவலகத்தின் மூலையில் தூசி படிந்து ஓடும் சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று இந்த வாரமே பார்த்து எழுதி வையுங்கள்.