எதிர்த்திசையில் ஓடும் ஆறு

ஆறு எந்தப் பக்கம் ஓடும்? "இதென்ன கேள்வி? மேட்டிலிருந்து பள்ளத்துக்கு!" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு நாள் சுற்றினால், முன்பு ஏரியில் போய் விழுந்த ஓர் ஆறு இன்று ஏரியிலிருந்து கிளம்பி எதிர்த்திசையில் போவதைக் காணலாம்.

காலையில் மிச்சிகன் அவென்யூவுக்குப் போங்கள். அங்கே 1869-ல் கட்டிய தண்ணீர்க் கோபுரம் ஒரு சிறு கோட்டைபோல நிற்கிறது. 1871-ல் நகரின் மையத்தை எரித்த பெருந்தீக்குத் தப்பிய கட்டடம் இது. குடிநீர் மிச்சிகன் ஏரியிலிருந்து, ஏரியின் அடியில் 3 கிலோ மீட்டருக்கு மேல் தோண்டிய சுரங்கத்தின் வழியாக வந்தது. கரையோரத்திலேயே தண்ணீர் எடுத்தால் என்ன? எடுக்க முடியாது. ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழுந்தது. ஆறு ஏரியில் விழுந்தது. பெருமழை பெய்தால் அழுக்கு இன்னும் தொலைவுக்குப் பரவும். காலராவும் டைபாய்டும் ஊரை வாட்டின.

ஊரோ தட்டையான நிலம்; மண்ணுக்கடியில் சாக்கடை வடியச் சரிவு இல்லை. எனவே குழாய்களை மேலே பதித்து, தெருவை மண்ணிட்டு உயர்த்தினார்கள். அப்போது வீடுகள் பள்ளத்தில் நிற்குமே! அவற்றையும் தூக்கினார்கள். 1860-ல் லேக் தெருவில் ஒரு கட்டட வரிசையையே 600 ஆட்கள் 6,000 திருகு ஜாக்கிகளைச் சிறிது சிறிதாகத் திருகி உயர்த்தினர். கடைகளில் வியாபாரம் நிற்கவில்லையாம்!

மதியம் படகில் ஏறுங்கள். ஏரியிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் இடத்தில், இரு புறமும் கதவுள்ள பெரிய தொட்டி ஒன்றில் படகு நிற்கும். தண்ணீரை மெல்ல வடியவிடுவார்கள். படகு சுமார் 60 சென்டிமீட்டர் இறங்கும். அதாவது, ஆறு ஏரியைவிடத் தாழ்வாக இருக்கிறது. ரகசியம் இதுதான். நகருக்கு மேற்கே உள்ள தாழ்ந்த மேட்டை வெட்டி, ஏரிக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி 45 கிலோ மீட்டர் நீளக் கால்வாய் தோண்டினார்கள். 1900 ஜனவரி 2-ல் அது திறக்கப்பட்டதும், பள்ளம் கண்ட தண்ணீர் திரும்பிவிட்டது. புவியீர்ப்பை யாரும் ஏமாற்றவில்லை.

சிகாகோவில் டைபாய்டு குறைந்தது. சாக்கடை போன இடம்? மிசிசிப்பி நதி! அதன் கரையில் செயின்ட் லூயிஸ் நகரைக் கொண்ட மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. 1906-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் பின்னரே வந்தன.

மாலையில் வில்லிஸ் கோபுரத்தின் 103-ஆம் மாடிக்குப் போங்கள். உயரம் 412 மீட்டர். காலடியில் கண்ணாடித் தளம்! (ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டாகச் சேர்த்ததுபோன்ற இதன் அமைப்பு, டாக்காவில் பிறந்த பொறியாளர் பஸ்லுர் ரஹ்மான் கானின் யோசனை.) அங்கிருந்து தென்மேற்கே பாருங்கள். கால்வாய் போகும் திசை அது.

அந்தக் கால்வாய் மிசிசிப்பியையும் பேரேரிகளையும் இணைத்துவிட்டது. ஆசியாவிலிருந்து கொண்டுவந்து, குளங்களிலிருந்து தப்பிய கெண்டை இன மீன்கள் மிசிசிப்பியில் பெருகி வடக்கே வருகின்றன. அவை ஏரிகளில் புகுந்தால் அங்குள்ள மீன்களின் உணவைத் தின்றுவிடும். அதனால் 2002 முதல் கால்வாயின் ஓரிடத்தில் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கப்பல்கள் கடந்து போகின்றன. மீன்கள் அதிர்ச்சி பட்டுத் திரும்புகின்றன.