அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள்

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் கால் எடுக்கப்பட்டு தோட்ட லயத்துக்குத் திரும்புகிறவருக்கு வீட்டார் முதலில் செய்வது, எஞ்சிய காலுக்கடியில் தலையணை வைப்பது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டவருக்கு அந்தத் தலையணையே பகை. மடங்கிக் கிடக்கும் முழங்கால் சில வாரங்களில் அப்படியே இறுகிவிடும். நீளாத முழங்காலில் பொய்க்கால் மாட்டி நிற்பது பெரும்பாடு. காலை நேராக நீட்டிப் படுக்க வேண்டும். டொக்டர் அனுமதித்தால் தினமும் சற்று நேரம் குப்புறவும் படுக்கலாம்.

தையல் பிரித்த பிறகும் வீக்கம் இருக்கும். எலாஸ்டிக் பண்டேஜை எட்டுப் போட்டதுபோல், நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்றினால் கால் வற்றி வடிவுக்கு வரும். இல்லாத பாதம் இரவில் எரிகிறது, விரல் வலிக்கிறது என்பார்கள். பைத்தியமோ பேயோ அல்ல. அறுபட்ட நரம்பும் மூளையும் சேர்ந்து தரும் உண்மையான வலி. மருந்து உண்டு, மறைக்காமல் சொல்லுங்கள். சீனி வியாதியால் ஒரு கால் போயிருந்தால் மற்றக் காலுக்கும் அதே ஆபத்து. உணர்வு மங்கிய பாதத்தில் கல் குத்தியதும் தெரியாது. தினமும் உள்ளங்காலைப் பாருங்கள்.

1968 வாக்கில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டொக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர் பாதத்தோடு சப்பாத்தில்லாமல் சேற்றில் நடக்கலாம், குந்தவும் முடியும். கொழும்பு பிரண்ட்-இன்-நீட் சொசைட்டி 1985 முதல் அதைச் செய்து தருகிறது. தோட்ட வாழ்க்கைக்கு ஏற்ற கால் என்றே நினைக்கிறேன்.

ஆனால் பயிற்சி நடப்பது ஆஸ்பத்திரியின் சமதரையில். நடக்க வேண்டியதோ பசறையிலும் அப்புத்தளையிலும் உள்ள சரிவில். படியிலும் மேட்டிலும் பழக்கச் சொல்லிக் கேளுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பொய்க்கால் முதலில்.

எஞ்சிய கால் மேலும் வற்ற, சில மாதங்களில் பொய்க்காலின் கிண்ணம் தளர்ந்து உரசும், புண்ணாகும். மாற்றக் கொழும்புக்கோ ராகமை ஆஸ்பத்திரிக்கோ போவதென்றால், பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதையே சுமார் 290 கிலோமீற்றர். துணைக்குப் போகிறவருக்கும் அன்று பேர் விழாது, நாட்கூலி போய்விடும். பலரின் பொய்க்கால் கட்டிலடிக்குப் போவது இப்படித்தான். ஆகவே பொய்க்கால் செய்பவர்கள் குறித்த நாளில் பதுளைக்கு வரவேண்டும். லயத்துப் படியோரம் பிடித்து ஏற ஒரு இரும்புக் குழாயை, கால் இழந்தவர் வீடு திரும்பும் முன்பே தோட்ட நிர்வாகம் நட்டுவைக்க வேண்டும்.