முக்காலியிலிருந்து மக்களவை வரை: மார்ஷல் நேசமணி

வித்துராவிலும் நெடுமங்காட்டிலும் கடை வைத்தும் கூலிவேலை செய்தும் பிழைக்கிற நம்மில் பலருக்குக் களியக்காவிளை என்றால் செக்போஸ்ட் ஞாபகம்தான் வரும். ஆனால் 1956 நவம்பர் 1-க்கு முன்பு அங்கே மாநில எல்லையே கிடையாது. நாகர்கோவிலுக்கும் தலைநகர் திருவனந்தபுரம்தான். இந்த எல்லை எப்படி வந்தது என்று நம்ம பிள்ளைகள் கேட்டால் முதலில் சொல்லவேண்டிய பெயர் அ. நேசமணி.

1895-இல் விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்தவர். சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலையும் அதே தாலுகாதான். திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து நாகர்கோவிலில் வக்கீல் தொழில் தொடங்கினார். அந்தக் காலத்து நீதிமன்றத்தில் உயர்சாதி வக்கீலுக்கு நாற்காலி, மற்றவர்க்கு முக்காலி. அந்த முக்காலியை நேசமணி காலால் உதைத்துத் தள்ளினார் என்று குமரி மாவட்டத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அவருடைய பொதுவாழ்வு அங்கிருந்துதான் புறப்பட்டது.

1940-களில் நாகர்கோவில் நகராட்சித் தலைவரானார். 1947-இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸில் சேர்ந்து அதன் தலைவராக உயர்ந்தார். தமிழர் மிகுந்த தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டும் என்பதே அக்கட்சியின் கோரிக்கை. முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. ஊர்ச் சங்கதியாக இருந்த கோரிக்கை டில்லி வரை போய்ச் சேர்ந்தது.

1954-இல் தேவிகுளம் தோட்டத் தொழிலாளர்களுக்காக மூணாறு போய்க் கைதானார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் மந்திரிசபை. அக்கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே அது பதவி விலகவேண்டும் என்றார்.

1955-இல் மாநிலச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும், செங்கோட்டையில் பெரும்பகுதியும் மறுவருடம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் சேரவில்லை. அங்குள்ள தமிழரில் பலர் வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலையான குடிகள் அல்ல என்பது குழு சொன்ன காரணங்களில் ஒன்று.

அன்பர்களே, இந்த ஒரு வரியை வெளிமாநிலத் தமிழர் மறக்கக்கூடாது. தலைமுறையாகத் தேயிலை பறித்தவனையும் வழிப்போக்கன் கணக்கில் எழுதிவிட்டார்கள். நேசமணிக்கு வெற்றி கிடைத்த இடத்தில் ஜனங்களுக்கு நிலம், வரி ரசீது, வோட்டு எல்லாம் இருந்தன. மலையில் தமிழர் தொகை இருந்தது. வேர் இருப்பதற்குக் காட்டக் காகிதம் இல்லை.

இணைப்புக்குப் பிறகு அவர் காங்கிரஸில் சேர்ந்தார். 1957-இல் கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டமன்றம் சென்றார். 1962-லும் 1967-லும் மீண்டும் நாகர்கோவில் எம்.பி. ஆனார். 1968 ஜூனில் பதவியில் இருக்கும்போதே காலமானார். அந்தத் தொகுதியில் 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில்தான் காமராஜர் நின்று ஜெயித்தார்.

இனி எல்லையை மாற்றுவது நம் வேலை அல்ல. மலையாளிகளோடு அண்ணன் தம்பியாகத்தான் இருக்கிறோம், இருக்கவும் வேண்டும். ஆனால் கணக்கில் விடுபடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே மனு எழுத இடம் தருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வருகிறவர் தாய்மொழி எது என்று கேட்டால், வெட்கப்படாமல் தமிழ் என்று சொல்லுங்கள். வாக்காளர் பட்டியலில் வீட்டிலுள்ள எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். நேசமணிக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.