மங்கலதேவி மலையில் கண்ணகி கோட்டம்

தேனி மாவட்டம் கூடலூருக்குத் தெற்கே, தமிழக–கேரள எல்லையில் வண்ணாத்திப்பாறை மலை எழுந்து நிற்கிறது. அதன் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கும் மேலான உயரத்தில், இடிந்த கற்கோயில் ஒன்று இருக்கிறது. கேரளத்தார் மங்கலதேவி கோயில் என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு அது கண்ணகி கோயில்.

மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரை வழியே மேற்கே நடந்து, மலையேறி, வேங்கை மரத்தடியில் நின்றாள் என்கிறது சிலப்பதிகாரம். பதினான்கு நாள் கழிந்தபின் கோவலனோடு அவள் விண்ணேறியதை மலைக்குறவர்கள் பார்த்தார்கள். அவர்கள் சொல்லக் கேட்ட சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டி, கொண்டுவந்து கோட்டம் சமைத்தான். அந்தக் குன்று எது என்பதில் அறிஞர்கள் நெடுங்காலம் ஒத்துப்போகவில்லை. திருச்செங்கோடு என்று கொண்டோரும் உண்டு.

தஞ்சைத் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் காப்பியத்தையே வழிகாட்டியாகக் கொண்டு, கண்ணகி போன பாதையைத் தேடி நடந்தார். 1963இல் இந்த மலைக்கு வந்து, செங்குட்டுவன் எழுப்பிய கோட்டம் இதுவே என்று அறிவித்தார். அவருடைய முடிவுக்கு நிலமும் துணை நிற்கிறது. வைகையை ஒட்டி மேற்கே வருபவர் அதன் துணையாறான முல்லையாற்றைப் பிடித்துக் கம்பம் பள்ளத்தாக்கில் நுழைந்தால், வழி இந்த மலையடியில்தான் வந்து முடியும். மலைக்கு அந்தப் பக்கம் சேரநாட்டுப் பெரியாறு. செங்குட்டுவன் குறவர்களைச் சந்தித்ததும் பெரியாற்றங்கரையில்தான்.

ஆனால் இன்று கண்ணில் படும் கட்டடத்தைச் செங்குட்டுவன் காலத்தது என்று சொல்லிவிட முடியாது. கோட்ட விழாவுக்கு வந்ததாகக் காப்பியம் சொல்லும் இலங்கை மன்னன் கஜபாகுவின் காலத்தை வைத்துச் செங்குட்டுவனைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வைப்பது வழக்கம். சாந்தில்லாமல் கல்மேல் கல் அடுக்கிய இந்தச் சுவர்கள் பாண்டியர் பாணியில் அமைந்தவை. பல நூற்றாண்டு பிந்தியவை. பழைய வழிபாட்டிடத்தின்மேல் பின்னாளில் கற்றளி எழுந்திருக்கலாம் என்று கொள்வதே பொருந்தும். மதிலுக்குள் சிறு சிறு சன்னிதிகள் தனித்தனியே நிற்கின்றன. கூரை சரிந்து, கற்கள் புல்லுக்குள் சிதறிக் கிடக்கின்றன. இத்தனை பெருமையுள்ள ஓரிடம் இந்த நிலையில் கிடப்பது பெரிய வேதனை. எல்லை இரு மாநிலங்களுக்கும் இடையே வழக்காக நீடிப்பதாலும், சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடு இருப்பதாலும் சீரமைப்பு எளிதாக நடப்பதில்லை.

ஆண்டில் ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று, பக்தர்களுக்கு வழி திறக்கிறது. தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் முன்கூட்டியே கூடி ஏற்பாடுகளை முடிவுசெய்வார்கள். குமுளியிலிருந்து அனுமதி பெற்ற ஜீப்புகள் காட்டுப்பாதையில் ஏறுகின்றன. லோயர்கேம்ப்பை அடுத்த பளியங்குடியிலிருந்து நடந்து ஏறுவோரும் ஏராளம். பளியர் குடியிருப்பான அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தான ஏற்றம். கண்ணகி நடந்த மலையை அறிய விரும்புவோருக்கு இந்தப் பாதையே சிறந்தது. தண்ணீர் அவசியம், பிளாஸ்டிக் பொருள்களுக்கு அனுமதியில்லை.

மேலே பொங்கல் வைக்கிறார்கள், பால்குடம் எடுக்கிறார்கள், பெண்களுக்கு வளையலும் மங்கல நாணும் வழங்குகிறார்கள். தமிழ் முறையிலும் கேரள முறையிலும் தனித்தனியே பூசை நடக்கிறது. மதில் ஓரத்தில் நின்றால் கூடலூரும் கம்பமும் அவற்றைச் சூழ்ந்த வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் ஒருசேரத் தெரியும். யானை நடமாடும் காடு என்பதால் பிற்பகலிலேயே மேலே ஏற விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். இருட்டுவதற்குள் எல்லோரும் கீழே இறங்கியாக வேண்டும்.