கூட்டத்திற்கு இடம் தேடும் தொழிலும் சொற்பொருள் அறிவும்

மொழி பயின்றோர்க்கு உரிய தொழில்கள் எவை என்னும் வினாவிற்கு ஆசிரியப் பணி, ஒலிபரப்பு, இதழியல், மொழிபெயர்ப்பு என்னும் நான்கையே நாம் வழிவழியாக விடையாகக் கூறி வருகிறோம். அவ்வரிசையில் இடம்பெறாத தொழில் ஒன்றை இவ்வுரையில் விளக்க முற்படுகிறோம். நிறுவனங்கள் நடத்தும் கூட்டங்களுக்கும் மாநாடுகளுக்கும் ஏற்ற அரங்கையும் தங்கும் அறைகளையும் தேடி, விலை பேசி, ஒப்பந்தம் முடித்துத் தருவது அத்தொழில். பயணத் துறையின் ஒரு கிளை என்றே பலரும் இதனைக் கருதுவர். அணுகிப் பார்ப்பின், சொல்லுக்குப் பொருள் வரையறுப்பதே இதன் அன்றாட வேலை என்பது புலனாகும்.

சிங்கப்பூரில் இத்தொழில் வேரூன்றியது தற்செயலன்று. மாநாடுகளை ஈர்ப்பதற்கெனத் தனிப் பிரிவு ஒன்று 1974ஆம் ஆண்டிலேயே இங்கு அமைக்கப்பட்டது. 1995இல் சன்டெக் மாநாட்டு மையமும், 1999இல் சிங்கப்பூர் எக்ஸ்போவும், 2010இல் மரினா பே சேண்ட்ஸும் திறக்கப்பட்டன. 2006இல் அனைத்துலகப் பண நிதியமும் உலக வங்கியும் தம் ஆண்டுக் கூட்டங்களைச் சன்டெக்கில் நடத்தின. கூட்டம், ஊக்கப் பயணம், மாநாடு, கண்காட்சி ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இத்துறையை ‘மைஸ்’ என்பர். எலிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அது ஒத்தொலிப்பதைத் துறையினர் பொருட்படுத்துவதில்லை. நாமும் கடந்து செல்வோம்.

இப்பணியை ஆங்கிலத்தில் ‘சோர்சிங்’ என்பர். அதனைத் தமிழில் ‘கொள்முதல்’ எனப் பெயர்ப்பாரும் உளர். கொள்முதல் என்பது வாங்கும் செயல். இங்குக் குறிக்கப்படுவதோ, வாங்குவதற்கு முன்னர் எவரிடம் எதனை வாங்கலாம் என நாடி, ஒப்பிட்டு, தேர்ந்து கொள்ளும் செயல். ‘இடத்தேர்வு’ என்னும் சொல் இதற்கு ஓரளவு பொருந்தும். அறைகளும் உணவும் அதனுள் அடங்கா என்னும் குறை இருப்பினும், இவ்வுரைக்கு அதுவே போதும்.

இடத்தேர்வாளரின் முதல் வேலை, விடுதிகளுக்கு ஒரு கோரிக்கை எழுதுவது. நாள், மாற்று நாள், வருவோர் தொகை, அரங்கின் அமைப்பு, உணவு ஆகியன அதில் இடம்பெறும். ‘200 பேருக்கு அரங்கு வேண்டும்’ என்பது இலக்கணப் பிழையற்ற வாக்கியம். ஆயினும் பொருள் நிரம்பாதது. நாற்காலிகளை மட்டும் வரிசையாக இட்டால் 200 பேர் அமரும் அரங்கில், வகுப்பறைபோல மேசைகளும் இட்டால் ஏறத்தாழப் பாதிப் பேரே அமர இயலும். அறைகளை எண்ணுவதற்கும் தனி அளவை உண்டு. 50 அறைகளை 3 இரவுகளுக்கு எடுத்தால் அது 150 ‘அறையிரவு’. ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலையை ‘மனிதநாள்’ என அளப்பதைப் போன்றதே இது.

விலையிலும் ஓர் இலக்கணம் உண்டு. ஒருவருக்கு உணவு 100 வெள்ளி என்று எழுதி, அதன் பின்னே இரண்டு கூட்டல் குறிகளை விடுதியார் இடுவர். முதற்குறி 10 விழுக்காட்டுச் சேவைக் கட்டணம்; இரண்டாவது பொருள் சேவை வரி. அவ்வரி 2024 முதல் 9 விழுக்காடு. சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகையின்மீதே வரி கணக்கிடப்படுவதால், 100 வெள்ளி 110 ஆகி, பின்னர் 119.90 வெள்ளி ஆகிறது. 300 பேர் விருந்தில் 30,000 என்று எண்ணியிருந்தவர் 35,970 வெள்ளி செலுத்த நேரும். பெயர்ச்சொல்லின் இறுதியில் நிற்கும் ஓர் உருபு வாக்கியத்தின் பொருளையே மாற்றுவதை அறிந்த நம் மாணவர்க்கு, எண்ணின் இறுதியில் நிற்கும் இக்குறிகள் எளிதில் விளங்கும்.

ஒப்பந்தத்தில்தான் மொழியறிவின் பயன் முழுமையாக வெளிப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனம் 100 அறைகளை 3 இரவுகளுக்குப் பதிவு செய்கிறது எனக் கொள்வோம். அதில் 20 விழுக்காடு குறைந்தாலும் தண்டமில்லை என்பது உடன்பாடு. முதலிரவு 95 அறைகளும், அடுத்து 90உம், இறுதியில் 60உம் நிரம்பின. மொத்தம் 245 அறையிரவு. 300இல் 80 விழுக்காடு 240 ஆதலின், ‘மொத்தத்தில்’ என்று ஒப்பந்தம் கூறினால் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. ‘ஒவ்வோர் இரவும்’ என்று கூறினால், மூன்றாம் இரவில் 80க்குக் குறைந்த 20 அறைகளுக்குப் பணம் கட்ட வேண்டும். அறை ஒன்று 250 வெள்ளியாயின் 5,000 வெள்ளி. இரண்டு சொற்களுள் எது இடம்பெறாவிடினும், ஒரே வாக்கியத்தை இரு தரப்பினரும் இருவேறாகப் பொருள் கொள்வர். விடுதி அறைகளை ‘வழங்கும்’, ‘வழங்கலாம்’, ‘வழங்க முயலும்’ என்பனவற்றின் வேறுபாடும் இத்தகையதே.

இவ்வேறுபாடுகள் எத்துணைப் பெரியவை என்பதை 2020 காட்டியது. பெருந்தொற்றால் கூட்டங்கள் கைவிடப்பட்டபோது, கூட்டம் நடத்துவது ‘இயலாதது’ ஆகிவிட்டதா, ‘உகந்ததன்று’ என்னும் நிலையில்தான் உள்ளதா என்பதைப் பொறுத்து முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது அமைந்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் அவ்வாண்டு ஏப்ரலில் இயற்றிய தற்காலிக நடவடிக்கைச் சட்டம், நிகழ்வு ஒப்பந்தங்களையும் சுற்றுலா சார்ந்த ஒப்பந்தங்களையும் பெயர் சுட்டியே தன் பாதுகாப்பிற்குள் கொண்டுவந்தது.

உணவைப் பற்றிய சொற்களும் கவனத்திற்குரியன. தமிழர் ‘சைவம்’ என்றால் அதில் முட்டைக்கு இடமில்லை. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதிய கோரிக்கையைப் பெறும் சமையற்கூடம் முட்டையைச் சேர்க்கவும் கூடும். சமணர் வேர்க்கிழங்குகளையும் தவிர்ப்பர்; சீனப் பௌத்த மரபில் பூண்டும் வெங்காயமும் விலக்கு. இந்தியாவிலிருந்து ஊக்கப் பயணக் குழுவொன்று வரும்போது, இவற்றைத் தனித்தனியே விளக்கி எழுதத் தெரிந்தவரின் தேவை மிகும். ஆங்கிலத்தில் எழுதும் தேர்ச்சியே இத்தொழிலின் அடிப்படை என்பதை மறைத்தல் தகாது. அத்தேர்ச்சியுடன் தமிழின் நுண்பொருளும் அறிந்தவர்க்கே இங்கு மேலதிக வாய்ப்பு.

இத்தொழிலில் ஓர் அறச்சிக்கலும் உண்டு. நிறுவனங்களின் சார்பில் இடம் தேடித் தரும் இடைநிலையாளர்க்குப் பெரும்பாலும் ஊதியம் தருவது நிறுவனமன்று, விடுதியே. அறை வருவாயில் 10 விழுக்காடு என்பது நெடுநாள் வழக்கம். மேரியட் 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் குழுப் பதிவுகளுக்கு அதனை 7 விழுக்காடாகக் குறைத்தபோது துறையினரிடையே பெருஞ்சலசலப்பு எழுந்தது. வாங்குபவருக்காக உழைத்து, விற்பவரிடம் கூலி பெறுபவர் யாருடைய ஆள்? அறைவிலை உயர உயரத் தம் தரகும் உயருமன்றோ? தமிழில் ‘தரகர்’ என்னும் சொல் இழிபொருள் ஏற்றதற்கும் இவ்வையமே காரணமாக இருக்கலாம். தரகு எவ்வளவு என்பதை வாடிக்கையாளரிடம் எழுத்தில் முன்கூட்டியே தெரிவிப்பவரிடமே பணிபுரிதல் நன்று என்பது நம் துணிபு.

தொடங்குவோர் முதலில் விடுதியின் விருந்து விற்பனைப் பிரிவில் ஈராண்டேனும் பணியாற்றுவது நலம். கோரிக்கைகள் அங்கே வந்து குவியும். எவை விடையின்றிக் கிடக்கின்றன, எவற்றிற்கு அன்றே விடை செல்கிறது என்பதை விற்பவரின் பக்கமிருந்து காணலாம். எந்த விலை குறையும், எது குறையாது என்பதும் அங்கேதான் பிடிபடும். 1985 முதல் வழங்கப்படும் ‘சி.எம்.பி.’ என்னும் தொழிற்சான்றுக்குப் பட்டறிவும் தேர்வும் வேண்டும் ஆதலின், அதனை அதன்பின் எண்ணலாம்.