கீறலின் ஆழம்

புதிய மகிழுந்தில் முதல் கீறல் விழுந்த நாளை அதன் உரிமையாளர் எளிதில் மறப்பதில்லை. குறுகிய தெருவில் எதிரே வந்த மிதிவண்டியின் கைப்பிடி உரசியிருக்கலாம். முன்னே சென்ற சரக்குந்தின் சக்கரம் தெறித்த சரளைக்கல் பட்டிருக்கலாம். உடனே பட்டறைக்கு விரைவோர் உண்டு. கையில் அகப்பட்டதைத் தடவி மறைக்க முயல்வோரும் உண்டு. இவ்விரு சாராரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: அக்கீறல் எவ்வளவு ஆழமானது?

நம் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தோன்றும் மேற்பரப்பு உண்மையில் பல அடுக்குகளால் ஆனது. எஃகுத் தகட்டின்மீது முதலில் துத்தநாகப் பாஸ்பேட்டுப் படலம் உருவாக்கப்படுகிறது. பின்னர் வண்டியின் கூடு முழுவதும் பூச்சுக் கரைசல் நிறைந்த தொட்டியில் அமிழ்த்தப்பட்டு மின்சாரம் செலுத்தப்படுகிறது. மூலைமுடுக்குகளிலும் சென்று படியும் இம்மின்பூச்சின் தடிமன் ஏறத்தாழ 20 மைக்ரான். துருவைத் தடுக்கும் காவலன் இதுவே. அதன்மேல் அடிப்பூச்சு, அதற்குமேல் நிறம் தரும் வண்ணப்பூச்சு, அனைத்திற்கும் மேலாக நிறமற்ற ஒளிபுகும் மேற்பூச்சு. இவையனைத்தும் சேர்ந்தாலும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். நீங்கள் எழுதும் வெள்ளைத்தாள் ஒன்றின் தடிமனும் ஏறத்தாழ 100 மைக்ரான் இருக்கும். வெயிலையும் மழையையும் பல்லாண்டுகள் தாங்கும் கவசம் இத்துணை மெல்லியது என்பது வியப்புக்குரியது.

கீறலின் ஆழத்தை அறியக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. வண்டியைக் கழுவித் துடைத்தபின், கீறலின்மீது சிறிது தண்ணீரைத் தடவிப் பாருங்கள். நனைந்ததும் கீறல் மறைந்து, உலர்ந்ததும் மீண்டும் தோன்றினால், அது மேற்பூச்சை மட்டுமே தொட்டிருக்கிறது. இதற்கு ஒளியியலே காரணம். கீறலின் கரடான ஓரங்களில் படும் ஒளி நாற்புறமும் சிதறுவதால் கோடு வெண்மையாகத் தெரிகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண், காற்றைக் காட்டிலும் மேற்பூச்சின் எண்ணுக்கு நெருக்கமானது. ஆகவே பள்ளத்தில் தண்ணீர் நிரம்பியதும் சிதறல் குறைகிறது. விரல் நகத்தால் மெல்ல வருடும்போது நகம் இடறினால் கீறல் ஆழமானது என்று கொள்ளலாம்.

மேலோட்டமான கீறலை மெருகுக் களிம்பு கொண்டு நீக்கலாம். மெருகிடுதல் பள்ளத்தை நிரப்புவதாகப் பலர் எண்ணுகின்றனர். நிகழ்வதோ அதற்கு நேர்மாறானது. களிம்பிலுள்ள நுண்துகள்கள் சுற்றியுள்ள மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்திற்குக் கொண்டுவருகின்றன. எனவே ஒவ்வொரு மெருகும் மேற்பூச்சில் சிறிதளவைத் தின்றுவிடுகிறது. புற ஊதாக் கதிர்களை உறிஞ்சும் வேதிப்பொருள்கள் அம்மேற்பூச்சில்தான் கலக்கப்பட்டுள்ளன. பளபளப்பின்மீது கொண்ட ஆசையால் மாதந்தோறும் தேய்ப்பவர், வண்டியின் ஆயுளையே தேய்க்கிறார். நானும் ஒருமுறை, புழுதி படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைத்து, இல்லாத கீறல்களை நூற்றுக்கணக்கில் உண்டாக்கியவன்தான். புழுதியிலுள்ள மணல் உப்புத்தாளின் வேலையைச் செய்துவிட்டது.

எஃகு வெளியே தெரியும் கீறலின் நிலை வேறு. அங்கே அழகைக் காட்டிலும் காலமே முதன்மையானது. உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் துரு விரைவாகவே தோன்றிவிடும். அது பூச்சின் அடியில் பக்கவாட்டில் பரவி, மேலே கொப்புளமாக எழும்பும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. எனவே துருவை நுண்ணிய உப்புத்தாளால் முற்றிலும் நீக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, மெல்லிய தூரிகையால் அடிப்பூச்சு இட வேண்டும். அது உலர்ந்தபின் வண்ணப்பூச்சு, பின்னர் மேற்பூச்சு. ஒவ்வொன்றையும் மெல்லியதாகப் பலமுறை இடுவதே முறை. ஒரே தடவையில் கனமாகப் பூசினால் மேல்தோல் முதலில் உலர்ந்து, உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வழியின்றிக் குமிழியிடும். சில நாள்கள் நன்கு இறுகவிட்டு, 2000 எண் உப்புத்தாளைச் சோப்பு நீரில் நனைத்து, மேடான பகுதியை மட்டும் சமன்செய்து மெருகிடலாம்.

வண்ணத்தைக் கண்ணால் தேர்ந்தெடுத்தல் தவறு. கதவுச் சட்டத்திலோ எந்திர அறையிலோ ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில் அவ்வண்டியின் நிறக் குறியீடு இருக்கும். அதைக் கொண்டு வாங்கினாலும் நிறம் முழுவதும் பொருந்தாமல் போகலாம்; வெயிலில் பழைய பூச்சு வெளுத்திருக்கும். உலோகப் பளபளப்புள்ள நிறங்களில் அலுமினியத் துகள்கள் படியும் கோணம் மாறினாலே சாயல் மாறிவிடும். அருகில் நின்று உற்றுநோக்கினால் தெரியும் சிறு புள்ளியை ஏற்றுக்கொள்வதே வீட்டுப் பழுதுபார்ப்பின் இயல்பு.

இனி, வண்ணம் பூசப்படாத கருநிற நெகிழிப் பகுதிகள். இவை பெரும்பாலும் ரப்பரும் கரித்தூளும் கலந்த பாலிபுரோப்பிலீனால் ஆனவை. புற ஊதாக் கதிர்கள் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கின்றன, மேற்பரப்பில் நுண்வெடிப்புகள் தோன்றுகின்றன, ஒளி சிதறுகிறது, கருமை சாம்பலாகிறது. கீறலில் கண்ட அதே கதை! எண்ணெயோ சிலிக்கோன் களிம்போ தடவியதும் கருமை மீள்வதும், இரண்டொரு மழையில் அது கழுவப்பட்டுச் சாம்பல் நிறம் திரும்புவதும் இதனால்தான். சிலர் வெப்பக்காற்றுக் கருவியால் மேற்பரப்பை இளக்கிக் கருமையை மீட்பர். பாலிபுரோப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் உருகுவது. கை ஒரே இடத்தில் நின்றுவிட்டால் உறுப்பு நெளிந்துவிடும். சோப்பும் தூரிகையும் கொண்டு தூய்மைசெய்து, உலர்ந்து இறுகும் வகைப் பூச்சை இடுதலே நெடுநாள் நிற்பது. நெகிழிக்கு வண்ணம் பூச விரும்புவோர், ஒட்டுதிறன் தரும் சிறப்பு அடிப்பூச்சை முதலில் இட வேண்டும். பாலிபுரோப்பிலீன் எதையும் தன்மீது எளிதில் ஒட்டவிடாது.

வீட்டில் செய்யத்தகாத பணி ஒன்றும் உண்டு. இறுக்கியுடன் கலந்து தெளிக்கப்படும் இருகூட்டு மேற்பூச்சுகளில் ஐசோசயனேட்டு உள்ளது. அதன் நுண்துளிகளைச் சுவாசிப்போர்க்கு ஆஸ்துமா ஏற்படக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால், பின்னர் மிகச் சிறிதளவே மூச்சுத்திணறலைத் தூண்டப் போதுமானது. துணிமுகக்கவசம் அதைத் தடுப்பதில்லை. தேர்ந்த பட்டறைகளில் தனி அறையும், குழாய்வழியே தூய காற்றுத் தரும் முகக்கவசமும் இதற்கெனவே உள்ளன. கதவு முழுவதற்கும் புதுப்பூச்சுத் தேவைப்படும் நிலையில், தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவர்களிடம் வண்டியை ஒப்படையுங்கள்.